பழைய இரும்பு சைக்கிளை மறுபடி ரோட்டுக்கு கொண்டு வர்றது எப்படி

உங்க வீட்டு மாடிப்படிக்கு அடியில, இல்லன்னா அபார்ட்மென்ட் பார்க்கிங் மூலையில, வருஷக்கணக்கா யாரும் தொடாத ஒரு கறுப்பு சைக்கிள் நிக்குதா? கேபிளுக்கு பதிலா கம்பியால இழுக்கற ராடு பிரேக், அகலமான கேரியர், அடியில காயில் ஸ்பிரிங் வச்ச சீட்டு, செயினை முழுசா மூடுற கவர்? அதை இரும்புக்கடைக்கு கிலோ கணக்குல போடறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை படிச்சிடுங்க. இதுக்கு பெரிய ஒர்க்‌ஷாப் வேணாம், மெக்கானிக் படிப்பும் வேணாம். நாலஞ்சு ஸ்பேனர், ஒரு சுத்தி, கிரீஸ், பொறுமை, இவ்ளோதான்.

நான் இங்க சொல்லப்போறது சைக்கிளை பளபளன்னு புதுசாக்குற வேலை இல்ல. அது ஓடணும், பிரேக் பிடிக்கணும், சத்தம் போடக்கூடாது, அதோட பழைய பெயிண்டும் அதுல இருக்கற கீறலும் அப்படியே இருக்கணும். பால்காரர், தபால்காரர், இஸ்திரி துணி எடுத்துட்டு போறவர், டீ கேனை கேரியர்ல கட்டிட்டு போறவர், பொண்ணை முன்னாடி பார்ல உக்கார வச்சு ஸ்கூல்ல விட்ட அப்பா, இவங்கதான் இந்த சைக்கிளை ஓட்டினாங்க, ஷோகேஸ்ல வைக்க யாரும் வாங்கல. கேரியர்ல கயிறு தேய்ஞ்ச தடம் இருந்தா அது அந்த வண்டி பார்த்த வேலை. அதை பெயிண்ட் அடிச்சு மறைக்கிறது எனக்கு கொஞ்சமும் பிடிக்காது, ஏன்னு கீழ சொல்றேன்.

முதல்ல என்ன வண்டின்னு பாருங்க

ஹெட் ட்யூப்ல, அதாவது ஹேண்டில்பாருக்கு கீழ முன்பக்கம், ஒரு பேட்ஜ் இருக்கும். அது போயிருந்தா செயின் கவர்லயும் பின் மட்கார்டுலயும் எழுத்து தேடுங்க. சென்னைல அதிகமா கிடைக்கறது ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., ஃபிலிப்ஸ். காரணம் சிம்பிள், இதெல்லாம் நம்ம அம்பத்தூர்ல செஞ்சது. 1949ல முருகப்பா குழுமமும் இங்கிலாந்தோட ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியும் சேர்ந்து ஆரம்பிச்ச டி.ஐ. சைக்கிள்ஸ் தான் இந்த பேர்ல எல்லாம் வண்டி விட்டுச்சு. ராலே, ஹம்பர் பேட்ஜ் இருந்தா அது பெரும்பாலும் வங்காளத்து ஆசன்சோல்ல இருந்த சென்-ராலே ஃபேக்டரி வண்டியா இருக்கும். அட்லஸ் 1951ல சோனிபட்ல ஆரம்பிச்சது, ஹீரோ 1956ல லூதியானாவுல. அட்லஸ்காரங்க சாஹிபாபாத்ல இருந்த ஃபேக்டரியை 2020 ஜூன் 3 அன்னிக்கு, அதாவது உலக சைக்கிள் தினத்தன்னிக்கே மூடினாங்க, அந்த செய்தி படிச்சப்ப மனசு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

ஆனா பேட்ஜ் எதுவா இருந்தாலும் புதுசா வர்றவங்களுக்கு ஒரு நல்ல செய்தி. இந்த வண்டி எல்லாமே அந்த காலத்து இங்கிலீஷ் ரோட்ஸ்டர் டிசைனை வச்சு செஞ்சது, அதனால ஹீரோ பார்ட் ஹெர்குலிஸுக்கு, ஹெர்குலிஸ் பார்ட் அட்லஸுக்குன்னு முக்கால்வாசி சாமான் மாறி மாறி சேரும். கம்பெனி இல்லாம போனாலும் வண்டி அனாதை ஆகாது. ஃப்ரேம் சைஸ் 22 இல்ல 24 இன்ச், பெடல் சுத்துற அச்சோட நடுவுல இருந்து சீட் ட்யூப் மேல் முனை வரைக்கும் டேப் வச்சா தெரிஞ்சிடும். வீல் 28 இன்ச், டயர்ல 28 x 1½ன்னு இருக்கும், கூடவே 40-635ன்னு ஒரு நம்பர், கடையில அந்த நம்பரை சொன்னா குழப்பமே வராது. பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். மாதிரி கேபிள் பிரேக் வண்டின்னா 26 x 1⅜, அதோட நம்பர் 37-590. இதுவும் நல்ல வண்டிதான், லேசா இருக்கும், முதல் தடவை கை வைக்கறவங்களுக்கு ராடு பிரேக்கை விட சுலபம்.

வீட்டுல இல்லன்னா எங்க தேடறது? பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்கு காலைல சீக்கிரமா போங்க, வெயில் ஏறினா கூட்டத்துல எதையும் நிதானமா பார்க்க முடியாது. தெருவுல இருக்கற பழைய இரும்புக்கடை அண்ணன்கிட்ட "முழு சைக்கிள் வந்தா உடைக்காம சொல்லுங்கண்ணா"ன்னு சொல்லி வைங்க. மயிலாப்பூர், புரசைவாக்கம், திருவல்லிக்கேணி பக்கம் பழைய வீடு இடிக்கறாங்கன்னா அங்க ஒரு சைக்கிள் இருக்க வாய்ப்பு நிறைய. யார்கிட்ட வாங்கினாலும் அது அவங்க வண்டிதானான்னு கேட்டுக்கோங்க, சீட் ட்யூப் மேல்பக்கமோ பி.பி.க்கு (பாட்டம் பிராக்கெட், பெடல் அச்சு சுத்துற கூடு) அடியிலயோ குத்தியிருக்கற ஃப்ரேம் நம்பரை எழுதி, பேரோட ஒரு ரசீது வாங்கிக்கோங்க. திருட்டு வண்டிக்கு உயிர் குடுத்து பிரயோஜனம் இல்ல.

வாங்குறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் செலவு பண்ணுங்க

துருவைப் பார்த்து பயப்படாதீங்க, மேல இருக்கற துரு பெரும்பாலும் போயிடும். பயப்பட வேண்டியது ஃப்ரேம் வளைஞ்சிருக்கறதுக்கு. ஹெட் ட்யூபுக்கு பின்னாடி, மேல் பாரும் கீழ் பாரும் சேர்ற இடத்துக்கு அடியில விரலை வச்சு தடவிப் பாருங்க. ஒரு சின்ன வீக்கமோ மடிப்போ தட்டுப்பட்டா, பெயிண்ட் அங்க சுருங்கி வெடிச்சிருந்தா, அந்த வண்டி எங்கயோ நேரா போய் மோதியிருக்கு. முன் வீலைப் பிடிச்சிருக்கற ஃபோர்க்கை பக்கவாட்டுல இருந்து பாருங்க, நேரா இறங்கி நுனியில முன்பக்கமா அழகா வளையணும், பின்பக்கம் தள்ளின மாதிரி இருந்தா வேற வண்டி பாருங்க. லக் ஜாயின்ட்ல, அதாவது ஃப்ரேம் குழாய்ங்க சேர்ற இடத்துல, விரிசல் இருக்கா பாருங்க, இருந்தாலும் இரும்புங்கறதால பித்தளைப் பத்து வைக்கற ஆள் கிடைச்சா சரி பண்ணலாம். அலுமினியத்துலயும் கார்பன்லயும் இந்த வசதி இவ்ளோ லேசுல கிடைக்காது.

அடுத்தது நம்ம ஊருக்குன்னே உள்ள விஷயம், உப்புக்காத்து. திருவொற்றியூர், காசிமேடு, பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் வெளியிலயே நின்ன வண்டின்னா வெளிய பெயிண்ட் நல்லா இருந்தாலும் உள்ளுக்குள்ள அரிச்சிருக்கலாம். 2015 வெள்ளத்துலயோ 2023 மிக்ஜாம் புயல் அப்பவோ தண்ணியில மூழ்கின வண்டியும் அப்படித்தான். சீட் ட்யூப் வழியா இறங்கற தண்ணி கடைசியா பி.பி. கூட்டுக்குள்ளதான் தேங்கும், அதனால அங்கயும் பின்பக்க கீழ் கம்பிகள்லயும் ஒரு சின்ன ஸ்பேனரால தட்டிட்டே வாங்க, கணீர்னு கேட்டா சரி, ஒரு இடத்துல மட்டும் மந்தமா கேட்டா அங்க அழுத்திப் பாருங்க. அழுத்தினா உள்ள போகுதுன்னா அந்த வண்டியை பார்ட்ஸுக்காக மட்டும் வாங்கலாம்.

ஹேண்டில்பார் திரும்பலன்னாலும், சீட்டு கம்பி இறங்கலன்னாலும், செயின் கல்லு மாதிரி இறுகிப் போயிருந்தாலும் கவலைப்படாதீங்க. இதெல்லாம் நேரம் குடுத்தா சரியாகும்.

சாமான்

ஒரு ஸ்க்ரூ ஸ்பேனர், ஒரு செட் டபுள் எண்ட் ஸ்பேனர், சைக்கிள் கடைல விக்கிற அந்த பல ஓட்டை ஸ்பேனர், கோனைப் (வீல் அச்சுல இரும்பு குண்டுகளை அடக்கி வைக்கற கூம்பு நட்டு) பிடிக்க தட்டை ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர் ரெண்டு, சுத்தி, ஒரு அரம், ஸ்போக் சாவி. ஹார்டுவேர் கடைல பனியன் வேஸ்ட் ஒரு கிலோ வாங்கிடுங்க, எவ்வளவு வாங்கினாலும் தீர்ந்து போற சாமான் அதுதான். லித்தியம் கிரீஸ் ஒரு டப்பா, மெஷின் ஆயில், துரு இறுக்கத்தை விடுவிக்கிற ஸ்ப்ரே. கழுவ மண்ணெண்ணெய் கிடைச்சா நல்லது, இப்ப கிடைக்கறது கஷ்டம், டீசல் போதும். பெட்ரோல் மட்டும் வேணாம், மூடின பார்க்கிங்ல அந்த ஆவி ரொம்ப ஆபத்து. அப்புறம் போன்ல நிறைய போட்டோ எடுங்க, ஒவ்வொரு நட்டு கழட்டறதுக்கு முன்னாடியும். ராடு பிரேக்கோட கம்பி எது எங்க போகுதுன்னு ரெண்டு வாரம் கழிச்சு ஞாபகம் இருக்காது.

கழட்ட ஆரம்பிக்கலாம்

முதல் நாள் எதையும் கழட்டாதீங்க. எல்லா நட்டு, போல்ட்டு, சீட்டு கம்பி, ஹேண்டில் ஸ்டெம் (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோட சேர்க்கற தண்டு) எல்லாத்துலயும் ஸ்ப்ரேயை அடிச்சு விட்டுட்டு போயிடுங்க, மறுநாளும் அடிங்க. அவசரப்பட்டு ஸ்பேனரை போட்டு திருகினா நட்டோட மூலை மழுங்கிடும், அதுக்கப்புறம் ஒரு மணி நேர வேலை ஒரு நாள் வேலை ஆகும். ஸ்டெம்மை எடுக்க மேல இருக்கற போல்ட்டை முழுசா கழட்டாதீங்க, நாலஞ்சு சுத்து தளர்த்திட்டு அது மேல ஒரு மரக்கட்டையை வச்சு சுத்தியால ஒரு தட்டு, உள்ள இருக்கற ஆப்பு விடும்.

பெடல்ல எல்லாரும் மாட்டிக்கற ஒரு விஷயம் இருக்கு. வலது பெடல் சாதாரண மரை, இடமா திருப்பினா கழலும். இடது பெடல் எதிர் மரை, வலமா திருப்பினாதான் கழலும். பி.பி.யில வலதுபக்க கப்பும் (குண்டுகள் உக்கார்ற கிண்ணம்), அதாவது செயின் பக்கம் இருக்கறது, இந்த வண்டிகள்ல எதிர் மரைதான். அந்த கப்பு நல்லா இருந்தா அதை எடுக்கவே வேணாம், அப்படியே விட்டு உள்ளயே துடைச்சிடுங்க. இடதுபக்க கப்பையும் லாக் ரிங்கையும் மட்டும் கழட்டினா அச்சு வெளிய வந்திடும்.

இப்ப காட்டர் பின். இந்த பழைய வண்டியோட வேலையில கஷ்டமானதே இதுதான், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன். கிராங்க்கை, அதாவது பெடல் மாட்டியிருக்கற கையை, அச்சோட சேர்த்துப் பிடிக்கறது ஒரு பக்கம் சாய்வா தட்டையா அரைச்ச ஒரு இரும்பு முளை. நட்டை முழுசா கழட்டிட்டு மரை மேல அடிச்சா மரை நசுங்கி முடிஞ்சது கதை. நட்டை பின்னோட நுனிக்கு சமமா வர்ற வரைக்கும் மட்டும் தளர்த்துங்க. அப்புறம் கிராங்க்குக்கு அடியில, பின் இறங்க வழி விட்டு, ஒரு கனமான இரும்புக் குழாய் துண்டை தரையில இருந்து முட்டுக் குடுங்க. முட்டு குடுக்காம அடிச்சா அடி எல்லாம் பால்ஸ் (உள்ள உருள்ற குண்டுகள்) மேலயும் கப்பு மேலயும் போய் குழி விழும். சின்னச் சின்னதா நூறு தட்டு தட்டறதை விட கனமான சுத்தியால நேரா, உறுதியா ஒரே அடி. வரலன்னா ஸ்ப்ரே அடிச்சு ஒரு ராத்திரி விடுங்க. அப்பவும் வரலன்னா தெருமுனை சைக்கிள் கடைக்கு தள்ளிட்டு போயிடுங்க, வருஷக்கணக்கா இதையே செஞ்ச கைக்கு ரெண்டு நிமிஷம். புது பின் வாங்கறப்ப பழசை கைல எடுத்துட்டு போய் அளவு சரி பார்த்து வாங்குங்க, 9.5 மில்லிமீட்டர் தான் வழக்கம், ஆனா 9 மில்லிமீட்டரும் உண்டு.

துரு எடுக்கறது

நட்டு, போல்ட்டு, வாஷர், ஸ்டாண்டு ஸ்பிரிங் மாதிரி சின்ன சாமானை எலுமிச்சை உப்பு கரைச்ச தண்ணியிலயோ வினிகர்லயோ ஊற வைங்க. எலுமிச்சை உப்புன்னா மளிகைக்கடைல கிடைக்கற சிட்ரிக் ஆசிட் தான். பித்தளைப் பாத்திரம் தேய்க்கற புளியும் வேலை செய்யும், அதுல இருக்கற ஆசிடும் துருவை கரைக்கும். ஆனா புளியோட உப்பு சேர்த்து ஊற வைக்காதீங்க, பாத்திரத்துக்கு சரி, இரும்புக்கு உப்பு எதிரி. மறுநாள் எடுத்து பிரஷ்ஷால தேய்ச்சு, சமையல் சோடா கலந்த தண்ணியில அலசி, உடனே துடைச்சு, வெயில்ல காய வச்சு, சூட்டோட ஆயில் பூசுங்க. "அப்புறம் பூசிக்கலாம்"னு விட்டீங்கன்னா சென்னை காத்துக்கு சாயந்திரமே ஆரஞ்சு கலர்ல திரும்ப பூத்திருக்கும்.

குரோம் பூசின ரிம், ஹேண்டில்பார், கிராங்க்குக்கு உப்புத்தாள் போடவே போடாதீங்க. சாப்பாடு பொட்டலம் கட்டற அலுமினிய ஃபாயிலை கசக்கி, தண்ணியில நனைச்சு, வட்டமா தேய்ங்க. அலுமினியம் குரோமை விட மெத்து, அதனால கீறாது, துரு மட்டும் கறுப்பு சேறா வெளிய வரும். அதைத் துடைச்சா கீழ மின்னுற குரோம் தெரியறப்ப வர்ற சந்தோஷம் இருக்கே, இந்த வேலைல நான் ரொம்ப விரும்பற நேரம் அது. குரோம் உரிஞ்சு போன இடத்துல குழி இருக்கத்தான் செய்யும், இருக்கட்டும், துடைச்சு மெழுகு போட்டு விடுங்க. தேங்காய் எண்ணெய் பூசற பழக்கம் நிறைய வீட்ல இருக்கு, அது தூசியை இழுத்து பிசுபிசுன்னு ஆயிடும், கார் மெழுகு எவ்வளவோ மேல்.

பெயிண்ட்டை தொடாதீங்க, ப்ளீஸ்

இதுதான் நான் கையெடுத்து கும்பிட்டு கேக்கற ஒரே விஷயம். புதுசா ஆரம்பிக்கறவங்க முதல்ல செய்ய நினைக்கறது ஃப்ரேமை சுரண்டி, ரெட் ஆக்ஸைடு அடிச்சு, பளபளன்னு கறுப்போ சிவப்போ ஸ்ப்ரே பண்றது. அந்த பழைய கறுப்பு எனாமல் மேல மெலிசா தங்கக் கலர்ல கோடு ஓடும் பாருங்க, அந்த மாதிரி கோடு நிறைய வண்டியில ஆளுங்க கையால, நீள முடி பிரஷ்ஷை வச்சு, ஒரே இழுப்புல போட்டது. கோடு கொஞ்சம் தடிச்சு அப்புறம் மெலிஞ்சு போறதை உத்துப் பார்த்தா தெரியும். சுரண்டிட்டீங்கன்னா அந்த கை திரும்ப வராது. வண்டியோட சொந்தக்காரர் பேரை யாரோ பெயிண்ட்ல எழுதியிருப்பாங்க, மட்கார்டுல கட்சி கலரோ சாமி பேரோ இருக்கும், சில வண்டியில நகராட்சி சைக்கிள் வரிக்கு குடுத்த லைசென்ஸ் வில்லை கூட ஆணியடிச்ச மாதிரி ஒட்டிட்டு நிக்கும். இதெல்லாம் அந்த வண்டியோட சொத்து.

அப்ப என்ன செய்யணும்? லேசான சோப்புத் தண்ணி, மெத்து துணி, அவ்ளோதான் ஆரம்பம். ஸ்டிக்கர், தங்கக் கோடு இருக்கற இடத்துல தின்னர், டீசல் எதுவும் படக்கூடாது, அது கோட்டையே அழிச்சிடும், முதல்ல யாருக்கும் தெரியாத ஒரு மூலைல சோதிச்சுப் பாருங்க. அழுக்கு போன பிறகு ரப்பிங் காம்பவுண்டை விரல் நுனி அளவு எடுத்து கோட்டைத் தொடாம லேசா தேய்ச்சு, மேல மெழுகு. பெயிண்ட் போய் இரும்பு தெரியற புள்ளிகள்ல மட்டும் துருவை எடுத்துட்டு, சின்ன பிரஷ்ஷால கறுப்பு எனாமல் தொட்டு வைங்க. ஃப்ரேமுக்கு உள்பக்கம் சீட் ட்யூப் வழியா கொஞ்சம் ஆளி விதை எண்ணெய் ஊத்தி, ஃப்ரேமை நாலா பக்கமும் சாய்ச்சு உருட்டி, ஒரு நாள் தொங்க விட்டு வடிய விடுங்க. கடற்கரை ஓரத்து வீடுன்னா இந்த வேலையை கண்டிப்பா பண்ணுங்க. ஒருவேளை உங்க வண்டியில பெயிண்ட்டே மிச்சம் இல்ல, இல்ல ஏற்கனவே யாரோ வீட்டு ஜன்னலுக்கு அடிக்கிற பெயிண்ட்டை அடிச்சு வச்சிருக்காங்கன்னா தாராளமா புதுசா அடிச்சுக்கோங்க, அதுல தப்பு இல்ல.

உள்ள இருக்கற குண்டுகள்

ஓவராயில்னு கடைல சொல்றது இதைத்தான். வெளிய எவ்வளவு மினுக்கினாலும் உள்ள பால்ஸ் காஞ்சு போயிருந்தா வண்டி ஓடாது. முன் வீல்ல 3/16 இன்ச் குண்டு, பக்கத்துக்கு 10. பின் வீல்ல 1/4 இன்ச், பக்கத்துக்கு 9. பி.பி.யில 1/4 இன்ச், பக்கத்துக்கு 11. இது வழக்கமான கணக்கு, ஆனா உங்க வண்டியில எத்தனை இருந்துச்சுன்னு எண்ணி எழுதிக்கோங்க, ஏற்கனவே ஒன்னு ரெண்டு தொலைஞ்சிருக்கலாம்ங்கறதையும் மனசுல வச்சுக்கோங்க. கழட்டறப்ப கீழ ஒரு தாம்பாளத்தை வைங்க. பழைய குண்டை கழுவி திரும்ப போடாதீங்க, புதுசு விலை ரொம்ப கம்மி. கோனையும் கப்பையும் டீசல்ல கழுவி வெளிச்சத்துல பாருங்க, குண்டு ஓடற தடம் பளபளன்னு கோடா இருந்தா நல்லது, குழி குழியா இருந்தா கோனை மாத்துங்க. கப்புல கிரீஸை நிறைய வச்சு, குண்டை ஒவ்வொன்னா பதிச்சு, அச்சை விட்டு கோனை மூடுங்க.

கோனை எவ்வளவு இறுக்கணும்னு எல்லாரும் கேப்பாங்க. இறுக்கினா கரகரன்னு சுத்தும், தளர்ந்தா வீல் பக்கவாட்டுல ஆடும், ரெண்டும் இல்லாத ஒரு இடம் நடுவுல இருக்கு. லாக் நட்டை இறுக்கறப்ப கோனும் கூட கொஞ்சம் திரும்பும், அதனால கோனை தட்டை ஸ்பேனரால பிடிச்சுட்டே இறுக்குங்க. சரியா அமைஞ்சிடுச்சான்னு பார்க்க வீலை தூக்கி சும்மா விடுங்க, வால்வு இருக்கற கனமான பக்கம் தானா கீழ வந்து, ஊஞ்சல் மாதிரி முன்ன பின்ன ஆடி நிக்கணும். அப்படி நின்னா அந்த ஹப் இன்னும் பல வருஷம் ஓடும்.

ஃப்ரீவீலை, அதாவது பின் வீல்ல இருக்கற பல்சக்கரத்தை, பிரிக்காதீங்க. உள்ள சின்னச் சின்ன குண்டும் பல்லு ஸ்பிரிங்கும் இருக்கு, திரும்ப சேர்க்கறது பெரிய வேலை. டீசல் ஊத்தி சுத்தி அழுக்கு போற வரைக்கும் கழுவி, காய வச்சு, மெல்லிசான ஆயிலை சொட்டு சொட்டா விட்டு சுத்துங்க. கிரீஸ் வேணாம், பல்லு ஒட்டிக்கும். டிக் டிக்னு தெளிவா சத்தம் வந்தா சரி.

செயினை ஸ்கேல் வச்சு அளங்க. பின்னுக்கு பின் 12 இன்ச்ல சரியா வரணும், 12⅛ ஆயிடுச்சுன்னா தேய்ஞ்சு போச்சு, மாத்துங்க. மாட்டறப்ப ஜாயின்ட் கிளிப்போட மூடின பக்கம் செயின் ஓடற திசையைப் பார்த்து இருக்கணும், திறந்த பக்கம் பின்னாடி. நடுவுல விரலால தூக்கினா ஒரு சென்டிமீட்டருக்கு கொஞ்சம் மேல ஆடணும், விறைப்பா இருந்தா பெடல் ஒரு சுத்துல கனமா மிதிபடும்.

காட்டர் பின்னை திரும்ப போடறப்ப ரெண்டு பக்கமும் ஒரே போக்குல வரணும். வலது கிராங்க் முன்னாடி நீட்டியிருக்கறப்ப நட்டு மேல இருந்தா, இடது கிராங்க்கை முன்னாடி கொண்டு வந்தாலும் நட்டு மேலதான் இருக்கணும். மாத்தி போட்டா ரெண்டு பெடலும் நேர்கோட்டுல நிக்காது, மிதிக்கறப்ப கால் ஏதோ நொண்டற மாதிரி இருக்கும். பின் உள்ள போகலன்னா தட்டைப் பக்கத்தை அரத்தால சமமா கொஞ்சம் ராவுங்க, சுத்தியால அடிச்சு பதிய வச்ச பிறகுதான் நட்டை இறுக்கணும், நட்டாலயே இழுத்தா மரை போயிடும்.

வீல், டயர், கோட்டம்

முன் வீல்ல 32 ஸ்போக்ஸ், பின் வீல்ல 40, இது நம்ம ரோட்ஸ்டரோட அடையாளம். பின்னாடிதான் மூட்டை, அதுக்காகத்தான் எட்டு கம்பி கூட. ஸ்போக் சாவி பிடிச்சு பழகாதவங்க கோட்டம் எடுக்கற வேலையை, அதாவது ரிம்மோட வளைசலை நேராக்கறதை, கடைல குடுக்கறதுல தப்பே இல்ல. "அண்ணா, கோட்டம் மட்டும் எடுத்துக் குடுங்க, பழைய ரிம்மே இருக்கட்டும்"னு முதல்லயே தெளிவா சொல்லிடுங்க, இல்லன்னா நல்ல மனசோட உங்க பழைய ரிம்மை கழட்டிப் போட்டு புதுசு மாட்டிடுவாங்க. நீங்களே செய்யணும்னா வண்டியை தலைகீழா நிறுத்தி, ஃபோர்க்குல ஒரு குச்சியை ரப்பர் பேண்டால கட்டி, ரிம் எந்த இடத்துல குச்சியில உரசுதோ அதுக்கு எதிர்ப்பக்க ஸ்போக்கை கால் சுத்து இறுக்கி, அந்தப் பக்கத்து ஸ்போக்கை கால் சுத்து தளர்த்தி, மறுபடி சுத்திப் பாருங்க. ஒரே தடவைல அரை சுத்துக்கு மேல போகாதீங்க. ஒரு கை பழகற வரைக்கும் நேரம் எடுக்கும், ஆனா பழகிடுச்சுன்னா இதை விட மனசுக்கு இதமான வேலை கிடையாது.

பழைய டயர்ல வெடிப்பு இருந்தா யோசிக்காம மாத்துங்க. ரிம்முக்குள்ள ஸ்போக் நுனி நீட்டியிருந்தா அரத்தால ராவிட்டு, பழைய ட்யூபை நீளமா வெட்டி ஒரு பட்டையா சுத்தி விடுங்க. வால்வுல இருக்கற வால்ட்யூபை புதுசா மாத்துங்க, காத்து மெதுவா இறங்கறதுக்கு பாதி நேரம் அந்த ரப்பர் துண்டுதான் காரணம், பஞ்சர் இல்லாத ட்யூபை எத்தனையோ பேர் தூக்கிப் போட்டிருக்காங்க. காத்தை கைப்பம்புல அடிங்க, பெட்ரோல் பங்க்ல அடிச்சா கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள ட்யூப் வெடிச்சிடும்.

பிரேக்

இதுல மட்டும் பழசு மேல இருக்கற பாசத்தை ஓரம் வைங்க. ராடு பிரேக் ரப்பர் கட்டையை ரிம்மோட உள்பக்கத்துல இழுத்து அழுத்திப் பிடிக்கும். காஞ்ச ரோட்டுல போதுமானது, மழையில குரோம் ரிம் நனைஞ்சா பிடிப்பு பாதிக்கும் கீழ போயிடும். கட்டை ரப்பர் நாலையும் புதுசா மாத்துங்க, ரிம்மை எண்ணெய் பிசுக்கு இல்லாம துடைங்க, ராடு இணைப்புகள் எல்லாத்துலயும் ஒரு சொட்டு ஆயில் விடுங்க, ஆனா ரிம் மேல படக்கூடாது. ரெண்டு கட்டையும் ரிம்மை ஒரே நேரத்துல தொடற மாதிரி ராடு நட்டை நகர்த்தி இறுக்குங்க. மழையில நிக்கணும்னு நினைக்கற இடத்துக்கு ரொம்ப முன்னாடியே விட்டு விட்டு பிடிச்சு ரிம்மை துடைச்சுக்கணும். மழை நாள்ல கத்திப்பாரா மாதிரி பாலத்துல இந்த வண்டியோட இறங்காதீங்க.

ஸ்பேர் கிடைக்கற இடம் கேட்டீங்கன்னா பாரிமுனை பக்கம் ரத்தன் பஜார்ல சைக்கிள் கடைங்க இருக்கு, பழைய சாமானை கைல எடுத்துட்டு போய் காமிங்க. அதுக்கு முன்னாடி உங்க தெரு சைக்கிள் கடைல கேளுங்க, மேல பரண்ல பழைய கிராங்க், பெல், டைனமோ போட்டு வச்சிருப்பாங்க, கேக்கற ஆள் இல்லாததால அங்கயே கிடக்குது. 6 வோல்ட் 3 வாட் பாட்டில் டைனமோ கிடைச்சா விடாதீங்க. மாட்டறப்ப டைனமோவோட நடுக்கோடு வீலோட அச்சை நேரா பார்க்கணும், கோணலா இருந்தா டயரை அறுக்கும்.

ஓட்டிப் பாருங்க

சீட்டு உயரத்தை குதிகால் பெடல் மேல வச்சா கால் நேரா நீளற அளவுக்கு வைங்க. தோல் சீட்டா இருந்தா தோலுக்கான கிரீம் மெலிசா, எண்ணெய்ல ஊற வைக்காதீங்க, தொய்ஞ்சு போயிடும், மழைக்கு ஒரு கவர் கேரியர்லயே இருக்கட்டும். முன்னாடி பல்சக்கரம் 44, பின்னாடி 18 இருந்தா பெடல் ஒரு முழு சுத்துக்கு சுமார் அஞ்சரை மீட்டர் போகும். கியர் இல்லாத 20 கிலோ வண்டிக்கு நம்ம ஊர் மாதிரி சமதரை கிடைச்சது பெரிய கொடுப்பினை. விடியற்காலைல காமராஜர் சாலைலயோ பெசன்ட் நகர் பீச் பக்கமோ நிமிர்ந்து உக்காந்து ஓட்டிப் பாருங்க. இந்த வண்டி வேகத்துக்கு இல்ல, மூட்டையோட நாள் முழுக்க மிதிக்கறதுக்கு செஞ்சது, அந்த நிதானம் பிடிபட கொஞ்ச தூரம் ஆகும்.

முதல் ரெண்டு மூணு ஓட்டத்துக்கு ஸ்பேனரை கூடவே வச்சுக்கோங்க. காட்டர் பின் நட்டு கண்டிப்பா ஒரு தடவை தளரும், சில கிலோமீட்டர்லயே திரும்ப இறுக்கணும், தளர்ந்த பின்னோட ஓட்டினா பின் தேய்ஞ்சு கிராங்க் ஆட ஆரம்பிச்சிடும். வீல் நட்டு, ஹேண்டில் போல்ட்டு, பிரேக் ராடு நட்டு, இதையும் தொட்டுப் பாருங்க. ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒரு தடவை செயினுக்கும் ஃப்ரீவீலுக்கும் ஆயில் விட்டு, குரோமுக்கு மெழுகு போட்டுடுங்க. ஆயுத பூஜைக்கு எப்படியும் வண்டியை கழுவி சந்தனம் குங்குமம் வைப்போம்ல, அந்த வாரத்துலயே இந்த வேலையையும் வச்சுக்கிட்டா மறக்காது. கழட்டின பழைய கோன், ஒடிஞ்ச பெல் மூடி, ஒரிஜினல் நட்டு எதையும் தூக்கிப் போடாதீங்க, ஒரு டப்பாவுல போட்டு வண்டி பேரை எழுதி வைங்க, அடுத்து யாராவது இதே மாடல் வண்டியை எடுத்துட்டு உங்ககிட்ட வருவாங்க, அவங்களுக்கு அந்த நட்டு கடைல கிடைச்சிருக்காது.